மூச்சுக்குக் காவல் இருப்பவர்

புணே நகரின் வடமேற்கில், பவனா ஆறும் முளா ஆறும் ஒன்றையொன்று நெருங்கி வரும் இடத்தில் அமைந்திருக்கிறது சாங்வி. பழைய சாங்வி, புதிய சாங்வி என இருபகுதிகளாக வழங்கப்படும் இவ்வூர் இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. அதன் விளிம்பில், ஔந்த் முகாமை ஒட்டி, மாவட்ட அரசு மருத்துவமனையும் காசநோயாளிகளுக்கான பழைய நெஞ்சக மருத்துவமனையும் இருக்கின்றன. ஆக, மூச்சு முட்டி வருகிறவர்களை இப்பகுதி நெடுங்காலமாக அறியும். சற்றுத் தொலைவிலுள்ள கட்கியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்த, அறுபதைக் கடந்த ஓர் அம்மாள் கடும் நிமோனியாவுடன் இவ்வட்டாரத்தின் ஏதோ ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. உள்ளே கருவி அவருக்காக மூச்சு விடுகிறது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகள், கதவு திறக்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது? அவர் எதிர்பார்ப்பது ஓர் எண். தொண்ணூற்றைந்து என்றால் நிம்மதி, எண்பத்தெட்டு என்றால் கலக்கம். 2020க்குப் பிறகு இந்தியக் குடும்பங்கள் பலவும் இந்த எண்ணை வாசிக்கப் பழகிவிட்டன. ஆனால், கருவியின் துணையில் மூச்சு விடும் ஒருவரைக் கண்காணிப்பது என்பது அந்த எண்ணை வாசிப்பதைவிடப் பெரிய வேலை. எந்த எண்ணை நம்புவது, எதை ஐயப்படுவது, எப்போது திரையிலிருந்து கண்ணை எடுத்து நோயாளியின் முகத்தைப் பார்ப்பது என்று தெரிந்த ஒருவர் கட்டிலின் அருகில் இருக்கிறாரா என்பதே அங்கு உயிர்க்கேள்வி.

இந்தக் கேள்வி தீவிர சிகிச்சை என்ற துறையின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் அப்போது இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பைச் சுற்றிப் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறும் மட்டுமே. மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்து வந்தவர்களுள் முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு மிகுந்திருந்ததை ஆய்வகம் கண்டிருந்தது. எண் சரியானது. அதற்குக் கொள்ளப்பட்ட பொருள்தான் பிழையானது. இரத்தத்தில் காரத்தன்மை கூடிவிட்டதென்றும், அது புரியாத ஏதோ ஒரு வளர்சிதைமாற்றக் கோளாறு என்றும் மருத்துவர்கள் கருதினர்.

தலைமை மருத்துவர் லாசன் ஆலோசனைக்கு அழைத்த மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் அதே எண்ணை வேறு விதமாகப் படித்தார். அறுவை அரங்கில் நாள்தோறும் பிறருடைய மூச்சைத் தம் கையால் நடத்திப் பழகியவர் அவர். வெளியேற வேண்டிய வாயு வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது, நோயாளிகள் போதிய மூச்சின்றி இறக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ஆகஸ்ட் 27ஆம் நாள், இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டது. இப்சன் ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளுடைய நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். தொடர்ந்து வந்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கட்டிலருகில் அமர்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினர். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு மனிதக் கைகளால் மூச்சு விட்டனர். இறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது.

அம்மாணவர்களே கருவியாகவும் இருந்தார்கள், காவலாகவும் இருந்தார்கள் என்பது இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது. பை கனமாக அழுந்தினால் சளி அடைத்திருக்கிறது என்பதை அவர்களின் விரல்கள் உணர்ந்தன. தோல் வியர்த்தால், முகம் நிறம் மாறினால், கண்கள் மருண்டால் அதை அவர்கள் உடனே கண்டார்கள். அக்கைகளின் இடத்தைப் பின்னர் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. காற்றைத் தள்ளும் வேலையை இயந்திரம் களைப்பின்றிச் செய்கிறது. விரல்கள் உணர்ந்ததை இன்று அது எண்களாகவும் அலைக்கோடுகளாகவும் திரையில் எழுதுகிறது. எழுதப்பட்டதை வாசிக்க ஒருவர் வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே எஞ்சியிருக்கிறது.

சாங்வியின் அந்த அம்மாளிடம் திரும்புவோம். அவருடைய உயரம் 160 சென்டிமீட்டர், எடை 80 கிலோ என்று கொள்வோம். ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைச் செலுத்துவது என்பதே முதல் முடிவு. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதன் கொள்ளளவு உயரத்தையும் பாலினத்தையும் சார்ந்தது. எனவே கணக்கிட வேண்டியது உயரத்திற்கு உரிய எடையை. பெண்களுக்கு அது 45.5 என்பதோடு, 152.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 சேர்த்துப் பெறப்படுகிறது. இவருக்கு அது 52 கிலோவுக்குச் சற்று மேல். கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்றால் ஒரு மூச்சுக்குச் சுமார் 315 மில்லிலிட்டர். உண்மையான எடையை வைத்துக் கணக்கிட்டிருந்தால் 480 மில்லிலிட்டர் வந்திருக்கும். இந்த வேறுபாடு சிறியதன்று. கடும் நுரையீரல் பாதிப்புக்கு உள்ளான 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்ற பிரிவில் 39.8 விழுக்காட்டினரும், 6 மில்லிலிட்டர் பெற்ற பிரிவில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். காப்பாற்றும் காற்றே அளவு மீறினால் நுரையீரலைக் கிழிக்கும் என்பதை அந்த ஆய்வு நிறுவியது. பல இலட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவியின் அருகில் இருக்க வேண்டிய முதல் கண்காணிப்புச் சாதனம், ஆகவே, தையற்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாதான். படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்மதிப்பில் எழுதிக்கொள்ளாமல் அளந்து பார்ப்பவர், அவருடைய நுரையீரலுக்கு முதல் காவலராகிறார்.

இரண்டே கால் மணிக்கு எச்சரிக்கை ஒலி எழுகிறது. காற்றுப்பாதையின் உச்ச அழுத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒலியை நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அனுபவமுள்ள செவிலியர் திரையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்க்கிறார். மார்பு இருபுறமும் ஒன்றுபோல் உயர்கிறதா? குழாயைப் பற்களால் கடித்திருக்கிறாரா? குழாய் எங்கேனும் மடங்கியிருக்கிறதா? இருமுகிறாரா? பிறகு ஓர் எளிய சோதனை. மூச்சை உள்ளிழுத்த முடிவில் கருவியை ஒரு கணம் நிறுத்தி வைத்தால், காற்று அசையாத நிலையில் நுரையீரல் உணரும் அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். உச்ச அழுத்தம் உயர்ந்து, இந்த நிலையழுத்தம் இயல்பாக இருந்தால் தடை காற்று போகும் வழியில் இருக்கிறது. அது சளியாக இருக்கலாம், குழாயின் மடிப்பாக இருக்கலாம், மூச்சுக்கிளைகளின் இறுக்கமாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் நுரையீரலே விறைத்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றிக் காற்று கசிந்து அதை நசுக்குகிறது. முதலாவதற்குச் சளியை உறிஞ்சி எடுத்தல் போதுமானதாக இருக்கக்கூடும். இரண்டாவதற்கு மார்பில் குழாய் செருக நேரலாம். ஒரே ஒலி, இரண்டு வேறு நோய்கள். நிலையழுத்தம் 30 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டாமல் காக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை.

நோயாளி சட்டென்று நிலைகுலைந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. குழாய் இடம்பெயர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, கருவி பழுதுபட்டதா என நான்கு ஐயங்கள். இவற்றை ஆராயும் முன் கருவியிலிருந்து நோயாளியைப் பிரித்து, ஆம்பு பையைப் பொருத்திக் கையால் மூச்சு கொடுக்க வேண்டும். நிலை தேறினால் பழுது கருவியில். தேறாவிட்டால் பழுது குழாயில் அல்லது உடலில். நுண்செயலிகள் நிறைந்த இந்தக் காலத்திலும் நெருக்கடியின் முதல் நொடியில் மருத்துவம் 1952இன் ரப்பர்ப் பைக்கே திரும்பிப் போகிறது.

மகள் கேட்ட எண்ணும் எளிமையானதன்று. விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி ஆக்சிஜன் செறிவை மதிப்பிடும் முறையை ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி 1974ஆம் ஆண்டு வெளியிட்டார். உலகமே அவருடைய கண்டுபிடிப்பை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் மறைந்தார். எண்ணற்ற உயிர்களைக் காத்த அக்கருவிக்கும் எல்லைகள் உண்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்து விரல்கள் குளிர்ந்தால் அது தடுமாறும். கருந்தோலில் அது இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் தமனி இரத்தத்தின் உண்மையான செறிவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. தோலின் நிறம் ஒரு கருவியின் உண்மையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்றால், தமிழரும் மராத்தியரும் படுத்திருக்கும் கூடத்தில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி தவிர்க்க இயலாதது. தமனி இரத்தத்தை அவ்வப்போது எடுத்து நேரடியாக அளந்து பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோயாளிக்கு மிகுதியான ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது குழாய் இடம்பெயர்ந்தால் விரலின் எண் உடனே இறங்குவதில்லை. நுரையீரலில் எஞ்சிய இருப்பு தீரும்வரை அது அமைதியாகவே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபி அப்படிக் காத்திருப்பதில்லை. குழாய் விலகிய சில மூச்சுகளிலேயே அதன் அலை தட்டையாகிவிடும். பிரிட்டனில் மூச்சுப்பாதை விபத்துகளைத் தொகுத்து 2011இல் வெளியான தேசியத் தணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிகழ்ந்த இத்தகைய மரணங்களிலும் நிரந்தர மூளைப் பாதிப்புகளிலும் 74 விழுக்காட்டில், இந்த அளவீடு இல்லாமற்போனதற்கும் பங்குண்டு என்று கண்டது. கோபன்ஹேகனில் தவறாகப் படிக்கப்பட்ட அதே வாயு, அறுபது ஆண்டுகள் கழித்துப் பல கட்டிலருகே அளக்கப்படாமலேயே இருந்தது.

திரையில் தோன்றாதவையும் பல. நோயாளி உள்ளிழுக்க முயல்கிற நொடியும் கருவி காற்றைத் தள்ளுகிற நொடியும் பொருந்தவில்லையென்றால், அவர் கருவியோடு மல்லுக்கட்டுகிறார். மூக்குத்துளை விரிவதும், கழுத்துத் தசைகள் இழுபடுவதும், நெற்றி சுருங்குவதும் அதன் அறிகுறிகள். அலைக்கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கும் அது புலப்படும். படிக்கத் தெரியாத இடத்தில் விடையாகக் கிடைப்பது கூடுதல் மயக்க மருந்து. அமைதியான நோயாளி கண்காணிக்க எளிதானவர். ஆயினும் அவருடைய அமைதிக்கு ஒரு விலை உண்டு. 128 நோயாளிகளிடம் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று, நாளுக்கொருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்த பிரிவில் வென்டிலேட்டரில் கழித்த காலத்தின் இடைநிலை அளவு 7.3 நாள்களிலிருந்து 4.9 நாள்களாகக் குறைந்ததைக் காட்டியது. விழிக்கச் செய்வதற்கு மருந்து செலவில்லை. ஆனால் விழித்தவர் குழாயைப் பிடுங்கிவிடாமல், அஞ்சிவிடாமல் அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

விழிக்கிற அந்த அம்மாளால் பேச முடியாது. குழாய் குரல்நாண்களின் நடுவே செல்கிறது. காதில் விழுவதோ மராத்தியும் இந்தியும், சில வேளைகளில் செவிலியர் தமக்குள் பேசும் மலையாளமும். 'வலிக்கிறதா' என்று எந்த மொழியில் கேட்பது? தலையசைப்பையே சோதனையாகக் கொள்ளும் மருத்துவத்தில், கேள்வி புரியாமல் அசையாதிருக்கும் தலை 'நினைவு தெளியவில்லை' என்று குறிப்பேட்டில் ஏறிவிடக்கூடும். அந்நேரத்தில் மகளைக் கையுறை அணிவித்து உள்ளே அழைப்பதும் கண்காணிப்பின் ஒரு பகுதியே. "வலிக்குதாம்மா? வலிச்சா என் கையை அழுத்தும்மா" என்ற ஒரு வாக்கியத்துக்கு வருகிற விரலழுத்தம், எந்தத் திரையிலும் தோன்றாத தகவல். வலி, தாகம், மூச்சு முட்டல், குளிர், பயம் என்ற ஐந்து சொற்களைத் தமிழில் பெரிதாக எழுதிப் படங்களோடு ஓர் அட்டையில் ஒட்டிவைத்தால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இவ்வளவும் ஒரு கட்டிலின் ஓர் இரவு. இதனோடு, தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்கிறதா என்று பார்த்தல், குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் அழுத்தம் 20க்கும் 30 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று அளத்தல், வாயைத் தூய்மை செய்தல், உடலைப் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவையும் சேரும். பலூன் தளர்ந்தால் வாயில் ஊறும் கிருமிநீர் நுரையீரலுக்குள் வடிந்து புதிய நிமோனியாவை உண்டாக்கும். இறுகினால் மூச்சுக்குழலின் சுவர் இரத்தமின்றிப் புண்ணாகும். இவற்றைச் செய்பவர் செவிலியர். வென்டிலேட்டரில் உள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதே இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் முன்வைத்த விரும்பத்தக்க அளவு. மூன்று நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர் என்பதற்குக் கீழே போகலாகாது என்றும் அது வரையறுத்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் புணேயில்தான் கண்டறியப்பட்டனர். அடுத்த சில வாரங்களில் நாடு முழுவதும் எழுந்த கேள்வி, எத்தனை வென்டிலேட்டர்கள் இருக்கின்றன என்பது. அக்கேள்விக்குப் புணே பெருமைப்படத்தக்க ஒரு விடையையும் தந்தது. அதுவரை சூரிய மின்தகடுகளைத் துடைக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த நோக்கா ரோபாட்டிக்ஸ் என்ற இளம் நிறுவனம், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டுதலுடன் சுமார் 90 நாள்களில் ஒரு தீவிர சிகிச்சை வென்டிலேட்டரை உருவாக்கியது. அம்முயற்சி 2021இல் தனி நூலாகவே எழுதப்பட்டது. கருவியை 90 நாள்களில் செய்ய முடிந்தது வியப்புக்குரியது. அதன் அருகில் நிற்க வேண்டிய செவிலியரை 90 நாள்களில் உருவாக்க எந்த வழியும் இருக்கவில்லை.

இந்த இடைவெளி 2021 மே மாதம் நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. அன்றைய ஔரங்காபாத் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த 150 வென்டிலேட்டர்களில் பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்ட 113 கருவிகளும் குறைபாடுடையவை என்ற தகவல் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வின் முன் வந்தது. ஒன்றிய அரசின் தரப்போ, கருவிகளைக் கையாள்வோர் உரிய பயிற்சி பெறவில்லை என்று வாதிட்டது. இப்படி ஒருவரையொருவர் பழிசொல்வதை நீதிமன்றம் கடிந்துகொண்டது. பழுது எங்கே என்ற வழக்குக்கு அப்பால், அந்த வாதமே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: பயிற்சி பெற்றவர் அருகில் இல்லாத வென்டிலேட்டர் ஓர் இரும்புப் பெட்டிக்கு மேல் எதுவும் ஆகாது. எனினும் பெருந்தொற்றுக் காலத்தின் கணக்குகளில் பெட்டிகளே எண்ணப்பட்டன. காவலர்கள் எண்ணப்பட்டது மிகக் குறைவு. பெட்டியைத் திறந்துவைக்கலாம், படம் எடுக்கலாம். இரவு இரண்டே கால் மணிக்கு ஒலியை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போகாமல் நோயாளியின் மார்பை நோக்கிப் போகிற கண்ணைப் படம் எடுக்க இயலாது.

எந்த வென்டிலேட்டரின் நோக்கமும் தன்னைத் தேவையற்றதாக ஆக்கிக்கொள்வதே. அதற்கான நாள் எது என்று முடிவு செய்வதும் கண்காணிப்பின் கடமை. அமெரிக்க மருத்துவர்கள் யாங், டோபின் இருவரும் 1991இல் முன்வைத்த அளவுகோல் மிக எளிமையானது. கருவியின் துணையின்றி ஒரு நிமிடம் நோயாளியை மூச்சு விடச் செய்து, மூச்சுகளின் எண்ணிக்கையை ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். விடை 105க்குக் கீழே இருந்தால் அவர் தாமே மூச்சு விடக்கூடும். நிமிடத்துக்கு 25 மூச்சு, ஒவ்வொன்றும் 0.35 லிட்டர் என்றால் விடை ஏறத்தாழ 71. விரைந்து மேலோட்டமாக மூச்சு விடுபவர் இன்னும் தயாராகவில்லை என்பதே அந்த வகுத்தலின் பொருள். ஒருவர் கட்டிலருகில் நின்று ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுகிறார். மருத்துவம் இதைவிடப் பழைய செயல் எதையும் அறியாது.

விடிகாலையில் கதவு திறக்கும்போது சாங்வியின் அந்த மகள் மீண்டும் ஆக்சிஜன் அளவைத்தான் கேட்பார். கேட்கட்டும், அது அவருடைய உரிமை. அத்துடன் இன்னொன்றையும் அவர் கேட்கக் கற்றுக்கொண்டால் நன்று: இன்றிரவு அம்மாவின் அருகில் இருப்பவர் யார், அவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை மருத்துவமனைகளுக்கும், மருத்துவமனைகளைத் திட்டமிடும் அரசுகளுக்கும், கருவிகளின் எண்ணிக்கையையே வளர்ச்சியென்று எழுதும் ஆய்வுலகுக்கும் உண்டு.